நல்ல ஊரைக் கனவு கண்டவர்களும் நம் சங்கத்தின் விதிகளும்

(பொன்விழாக் குடும்ப தினக் கூட்டத்தில் ஆற்றிய உரை)





'அடுத்த 50 ஆண்டுகள்' என்ற தலைப்பில் இளையர் பிரிவின் சார்பில் பேச வேண்டும் என்று செயற்குழு கேட்டுக்கொண்டது. இளையர் பிரிவு என்று பெயர்தான். எங்களில் பலருக்கு முப்பது தாண்டி, நரையும் எட்டிப் பார்க்கத் தொடங்கிவிட்டது. ஆனால் மேடையில் இருக்கும் பெரியவர்களுக்கு நாங்கள் இன்னும் பிள்ளைகள்தான். அந்த உரிமையில்தான் இன்று கொஞ்சம் மனம்விட்டுப் பேசப் போகிறோம்.

நாங்கள் மார்க்க அறிஞர்கள் அல்லர். பல்கலைக்கழகத்தில் தத்துவம் படித்தவர்களும் அல்லர். பலதுறைத் தொழிற்கல்லூரியில் டிப்ளோமா முடித்துவிட்டு வாப்பாவின் கடைக் கல்லாவில் வந்து உட்கார்ந்தவர்கள். சரக்கு வந்தால் எண்ணிப் பார்ப்போம், பில்லைச் சரிபார்ப்போம், கெட்டுப்போனால் யார் பொறுப்பு என்று கேட்போம். அந்தப் பழக்கத்தோடுதான் இந்தத் தலைப்பையும் பார்த்தோம்.

வரப்போகும் ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் சங்கத்தின் விதித் திருத்தம் விவாதத்துக்கு வருகிறது என்பது உங்களுக்குத் தெரியும். திருத்தக் குழுவில் எங்களையும் சேர்த்திருக்கிறார்கள். விதி எழுத உட்கார்ந்தபோதுதான் ஒன்று புரிந்தது. 'உறுப்பினர் யார்?' என்ற முதல் வரியை எழுதுவதற்கே, எப்படிப்பட்ட சமுதாயமாக நாம் வாழ ஆசைப்படுகிறோம் என்று தெரிந்திருக்க வேண்டும். ஆகவே ஒரு வேலை செய்தோம். உலகத்தில் யாரெல்லாம் 'நல்ல ஊர் இப்படித்தான் இருக்க வேண்டும்' என்று கற்பனை செய்து அதற்குச் சட்டமும் எழுதிப் பார்த்தார்களோ, அவர்களைப் பற்றித் தேடிப் படித்தோம். படித்தவற்றை மூன்று கேள்விகளில் அடக்கிக்கொண்டோம். யார் உள்ளே? யார் பொறுப்பு? யார் சுமப்பது?

முதல் கேள்வி: யார் உள்ளே?

கிரேக்க நாட்டு பிளேட்டோவைப் பற்றிக் கேள்விப்பட்டிருப்பீர்கள். 'குடியரசு' என்ற நூலில், அறிஞர்களே ஆள வேண்டும் என்று எழுதியவர். அவர் முதுமையில் 'சட்டங்கள்' என்று இன்னொரு நூலும் எழுதினார். அதில் மூன்று முதியவர்கள் கிரீட் தீவில் நடந்துகொண்டே, புதிதாக அமையப்போகும் ஓர் ஊருக்குச் சட்டம் யோசிக்கிறார்கள். அந்த ஊரில் சரியாக 5040 குடும்பங்கள். ஏன் 5040? அந்த எண்ணை 1 முதல் 10 வரை எந்த எண்ணாலும் மீதியில்லாமல் வகுக்கலாம். நிலம் பிரிக்க, படை பிரிக்க, வரி பிரிக்க வசதி. கணக்கு எழுதுபவர்களுக்குப் பிடித்துப்போகும் ஊர்.

ஆனால் அந்த ஊரில் நமக்கு இடமில்லை. குடிமக்கள் யாரும் சில்லறை வியாபாரம் செய்யக்கூடாது என்பது அங்கே சட்டம். கடை வைப்பதெல்லாம் வெளியூரிலிருந்து வந்தவர்கள் வேலை. அவர்களும் 20 ஆண்டுகள்தான் தங்கலாம். பிறகு சாமான்களைக் கட்டிக்கொண்டு கிளம்பிவிட வேண்டும். அந்தக் காலத்து வேலை பெர்மிட் என்று வைத்துக்கொள்ளுங்கள்! இதைப் படித்தபோது சிரித்தோம். அப்புறம் சிரிப்பு நின்றுவிட்டது. நம் பாட்டனார்கள் கப்பலேறி வந்து இங்கே கடை விரித்தவர்கள்தாமே? ஊருக்குத் தேவையான வேலையைச் செய்துகொண்டே ஊருக்கு வெளியே நிறுத்தப்படுவது எப்படி இருக்கும் என்று அவர்களுக்குத் தெரிந்திருக்கும்.

1516-இல் தாமஸ் மோர் என்ற ஆங்கிலேயர் 'யுட்டோப்பியா' என்ற கற்பனைத் தீவைப் பற்றி லத்தீனில் எழுதினார். அந்தப் பெயருக்கே 'இல்லாத இடம்' என்றுதான் பொருள். அங்கே தனிச்சொத்து கிடையாது. ஒரு நாளைக்கு 6 மணி நேரம்தான் வேலை. சட்டங்கள் மிகக் குறைவு, வழக்கறிஞர்களே இல்லை. தங்கத்துக்கு மதிப்பே கிடையாது. மலம் கழிக்கும் பாத்திரத்தைத்தான் தங்கத்தில் செய்கிறார்கள். (நம் ராத்தாமார் சிலர் முகம் சுளிப்பது தெரிகிறது.) கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் அதே தீவில் அடிமைகளும் இருக்கிறார்கள். அவர்களுக்கு மாட்டும் சங்கிலியும் தங்கம். அவ்வளவு நல்ல ஊரைக் கற்பனை செய்தவருக்குக்கூட, அழுக்கு வேலையைச் செய்ய வெளியில் நிற்கும் ஒரு கூட்டம் தேவைப்பட்டது.

அடுத்தவர் நமக்கு நெருக்கமானவர். வங்காளத்து முஸ்லிம் பெண்மணி ரோக்கையா ஸகாவத் ஹுசைன். அவர் எழுதிய 'சுல்தானாவின் கனவு' என்ற ஆங்கிலக் கதை 1905-இல் அச்சேறியது. எங்கே தெரியுமா? நம் மதராஸில். கமலா சத்தியநாதன் ஆசிரியராக இருந்து நடத்திய பெண்கள் இதழில். கதையில் ஒரு நாடு வருகிறது. அங்கே பெண்கள் வெளியே நடமாடுகிறார்கள். ஆண்கள்தான் வீட்டுக்குள் திரைக்குப் பின்னால். பெண்களின் பல்கலைக்கழகங்கள் சூரிய வெப்பத்தைச் சேமிக்கக் கண்டுபிடிக்கின்றன, மேகத்திலிருந்து தண்ணீரை இறக்குகின்றன. பெண் பிள்ளைகள் எல்லாரும் படிக்க வேண்டும், 21 வயதுக்கு முன் திருமணம் கூடாது என்று அந்நாட்டு ராணி சட்டம் போடுகிறார். பொய் சொன்னவருக்குத் தண்டனை நாடு கடத்தல். ஆனால் மனம் திருந்தினால் மன்னிப்பும் உண்டு.

ஆண்களை அடைத்து வைப்பதுதான் நீதி என்று ரோக்கையா அம்மையார் சொல்ல வந்ததாக நாங்கள் எடுத்துக்கொள்ளவில்லை. தராசைத் தலைகீழாகத் தூக்கிக் காட்டினார். 'இந்தப் பக்கம் பார்த்தால் உங்களுக்கு வலிக்கிறதல்லவா? அந்தப் பக்கம் இருப்பவர்களுக்கும் அப்படித்தான்' என்று கேலியாகச் சொல்லிப் புரிய வைத்தார்.

இந்த மூன்று ஊர்களிலும் ஓர் ஒற்றுமை இருக்கிறது. ஒவ்வோர் ஊரும் முதலில் ஒரு கோடு போடுகிறது. கோட்டுக்கு உள்ளே இருப்பவர்களுக்கு அது நல்ல ஊர்.

இப்போது கற்பனையை விட்டு, நடந்த வரலாற்றுக்கு வருவோம். 622-இல் நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் மக்காவிலிருந்து மதீனாவுக்கு ஹிஜ்ரத் செய்தார்கள். அங்கே பல காலமாகச் சண்டையிட்டுக்கொண்டிருந்த கோத்திரங்கள், வீடு வாசலை விட்டு வந்த முஹாஜிர்கள், அவர்களை வரவேற்ற அன்சாரிகள், யூதக் குலத்தார் எல்லாரும் இருந்தார்கள். அவர்களுக்கிடையில் எழுதப்பட்ட உடன்படிக்கையைத்தான் மதீனா சாசனம் என்கிறோம். பனூ அவ்ஃப் குலத்து யூதர்கள் முஃமின்களோடு சேர்ந்த ஒரே சமுதாயம் என்றும், அவரவர்க்கு அவரவர் மார்க்கம் என்றும் அதில் ஒரு விதி இருக்கிறது. அந்தக் காலத்து அரேபியாவில் ஒருவனுக்குப் பாதுகாப்பு என்பது அவன் பிறந்த குலம் மட்டும்தான். குலம் இல்லாதவனுக்கு நாதியில்லை. அந்த மண்ணில் நின்றுகொண்டு, பிறப்பைத் தாண்டி ஒப்பந்தத்தால் ஒரு சமுதாயத்தை உண்டாக்கியதுதான் அந்தச் சாசனத்தின் பெருமை. கோடு அங்கேயும் உண்டு. ஆனால் கையெழுத்திட்டு, கடமையை ஏற்றுக்கொண்டு, உள்ளே வர ஒரு வாசலும் இருந்தது.

இனி நம் சங்கத்தின் இப்போதைய விதியைப் பாருங்கள். உறுப்பினராக வேண்டுமென்றால் நம் ஊரைச் சேர்ந்த தந்தைக்குப் பிறந்த ஆண்மகனாக இருக்க வேண்டும். சங்கம் தொடங்கிய நாளில் அது பொருத்தமான விதிதான். அன்றைக்கு வந்திருந்தவர்களில் பெரும்பாலோர் குடும்பத்தை ஊரில் விட்டுவிட்டுத் தனியாக வந்த ஆண்கள். கடைவீட்டு மாடியில் ஒரே அறையில் பாய் விரித்துப் படுத்தவர்கள். புதிதாக வந்தவனுக்கு ஒரு படுக்கை, வேலை கிடைக்கும்வரை இரண்டு வேளைச் சோறு, இறந்துவிட்டால் குளிப்பாட்டி அடக்கம் செய்ய நாலு பேர். அதுதான் அவர்கள் கற்பனை செய்த நல்ல ஊர். அந்த ஊருக்கு அந்த விதி போதும்.

இன்றைய நிலைமை வேறு. நம் மகளை வேறு ஊர்க்காரருக்குக் கட்டிக் கொடுத்தால், பேரப்பிள்ளைகள் சங்கத்துக்கு அந்நியர்கள். ரமலானில் விடியலிலிருந்து நின்று நோன்புக் கஞ்சிக்குக் காய் நறுக்கும் தாய்மார்களுக்குப் பொதுக்கூட்டத்தில் கை தூக்கும் உரிமை இல்லை. உறுப்பினர் ஒருவர் மவுத்தாகிவிட்டால், அவரோடு உறுப்பினர் சந்தாவும் போய்விடுகிறது. கடந்த ஆண்டு அப்படி ஒரு வீட்டில், மகனின் கல்வி உதவிநிதி விண்ணப்பத்தில் 'உறுப்பினர் கையொப்பம்' என்ற இடத்தில் கையெழுத்துப் போட ஆளில்லை. தாய் உட்கார்ந்திருக்கிறார்; பேனா கையில் இருக்கிறது; ஆனால் விதிப்படி அவர் யாருமில்லை. பிறகு நல்ல மனம் படைத்த ஒருவர் வழி செய்து கொடுத்தார். ஆனால் ஒவ்வொரு முறையும் நல்ல மனம் படைத்தவரை நம்பியா ஒரு சங்கம் நடப்பது? நல்ல மனத்தை விதியாக்கி வைப்பதற்குத்தானே விதி?

ஆகவே நாங்கள் முன்வைக்கும் முதல் திருத்தம் இது. தந்தை வழியோ தாய் வழியோ நம்மைச் சேர்ந்தவர், நம் குடும்பத்தில் திருமணம் செய்து வந்தவர், ஆணோ பெண்ணோ, சந்தா செலுத்தி, கடமைகளை ஏற்றுக்கொண்டால் உறுப்பினர். வாக்குரிமையும் உண்டு.

குழுவிலேயே ஒரு பெரியவர் இதை எதிர்த்தார். அவர் சொன்னதை இங்கே நேர்மையாகச் சொல்லிவிடுகிறோம். "கதவை அகலத் திறந்துவிட்டால், 20 ஆண்டில் இது நம் ஊர்ச் சங்கமாக இருக்காது. பிள்ளைகள் இப்போதே வீட்டில் ஆங்கிலம்தான் பேசுகிறார்கள். கரைந்து போய்விடுவோம்." அவர் பயம் பொய்யான பயம் அல்ல. சுவர் இல்லாத வீடு வீடாகாது என்பது எங்களுக்கும் தெரியும். ஆனால் நம்மைக் கரைப்பது எது என்று யோசித்துப் பாருங்கள். ஊர்க்காரத் தந்தைக்குப் பிறந்தும் தமிழ் தெரியாமல், ஒரு மையித்துக்குக்கூட வராமல், பெயரளவில் உறுப்பினராக இருப்பவரா? அல்லது மலாய்க் குடும்பத்தில் பிறந்து நம் வீட்டுக்கு மருமகளாக வந்து, மாமியாரிடம் தமிழ் கற்றுக்கொண்டு, நம் பிள்ளைகளைத் தமிழ் வகுப்புக்கு அழைத்து வரும் பெண்ணா? சுவர் இருக்கட்டும். அது பிறப்பின் மேல் எழுப்பியதாக இல்லாமல் கடமையின் மேல் எழுப்பியதாக இருக்கட்டும். சங்க நடவடிக்கைகள் தமிழிலேயே நடக்கும் என்பதையும் விதியாக எழுதி வைப்போம். அந்தப் பெரியவர் சொன்னதால்தான் அந்த வரி வரைவில் சேர்ந்தது. அவருக்கு எங்கள் நன்றி.

இரண்டாம் கேள்வி: யார் பொறுப்பு?

பத்தாம் நூற்றாண்டில் வாழ்ந்த முஸ்லிம் தத்துவஞானி அல்ஃபாராபி. பாக்தாதில் வாழ்ந்து 950-இல் டமாஸ்கஸில் மறைந்தவர். நல்லொழுக்க நகரத்து மக்களின் கொள்கைகளைப் பற்றி ஒரு நூலே எழுதியிருக்கிறார். மனிதன் தனியாக நிறைவடைய முடியாது, ஒருவருக்கொருவர் உதவினால்தான் முடியும் என்பது அவர் அடிப்படை. நல்ல நகரம் ஆரோக்கியமான உடம்பைப் போன்றது. உறுப்புகள் ஒவ்வொன்றும் தன் வேலையைச் செய்து ஒன்றுக்கொன்று உதவும் என்கிறார்.

அந்த நகரத்தின் தலைவருக்கு 12 குணங்கள் இருக்க வேண்டுமாம். நல்ல உடல்நலம், கூர்மையான அறிவு, நினைவாற்றல், தெளிவான பேச்சு, கல்வியில் ஆசை, உண்மையை நேசிப்பது, பணத்துக்கு ஆசைப்படாமை, நீதியில் பற்று, துணிவு என்று அந்தப் பட்டியல் போகிறது. படித்துவிட்டு நாங்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டோம். பன்னிரண்டில் நாலு தேறினாலே பெரிய விஷயம்!

ஆனால் அல்ஃபாராபி அதோடு நிறுத்தவில்லை. இத்தனையும் ஒரே ஆளிடம் சேர்ந்திருப்பது அபூர்வம் என்று அவரே சொல்கிறார். அப்படி ஒருவர் கிடைக்காவிட்டால், ஞானம் ஒருவரிடமும் மற்றத் தகுதிகள் இன்னொருவரிடமும் இருந்தால் இருவரும் சேர்ந்து தலைமை ஏற்கலாம். பலரிடம் பிரிந்திருந்தால் அத்தனை பேரும் ஒத்துப்போய்ச் சேர்ந்து நடத்தலாம் என்கிறார். ஆயிரம் ஆண்டுக்கு முன்பே நம் செயற்குழுவுக்கு அவர் விளக்கம் எழுதி வைத்துவிட்டார் என்றே எங்களுக்குத் தோன்றியது. எல்லாம் தெரிந்த ஒருவர் என்றைக்கும் கிடைக்கமாட்டார். குறை உள்ளவர்கள் கூடி, ஒருவர் குறையை இன்னொருவர் ஈடு செய்வதற்குத்தான் குழு.

அடுத்து துனிஸில் 1332-இல் பிறந்த இப்னு கல்தூன். 1377-இல் 'முகத்திமா' எழுதியவர். தத்துவஞானிகள் சொல்லும் அந்த நல்லொழுக்க நகரம் நடைமுறையில் காண்பதற்கு அரிது, ஓர் அனுமானம்தான் என்று சொன்னவர் இவர். கனவு காணாமல், உள்ளதை உள்ளபடி பார்த்தவர். ஒரு குடும்பத்தின் பெருமை பெரும்பாலும் நான்கு தலைமுறைக்கு மேல் நிற்பதில்லை என்று அவர் கணக்குச் சொல்கிறார். முதலாமவர் கட்டி எழுப்புகிறார். எவ்வளவு பாடுபட்டோம் என்பது அவருக்குத் தெரியும். இரண்டாமவர் தந்தை அருகிலிருந்து கேட்டுத் தெரிந்துகொள்கிறார். ஆனால் பட்டுத் தெரிந்ததும் கேட்டுத் தெரிந்ததும் ஒன்றல்ல. மூன்றாமவர் முன்னோர் செய்ததைப் பார்த்து அப்படியே செய்கிறார். நான்காமவர், இதெல்லாம் பிறப்பிலேயே நமக்கு வந்த உரிமை என்று நினைத்துக்கொள்கிறார். அத்தோடு முடிகிறது.

இந்த மண்டபத்தில் நாம் எத்தனையாவது தலைமுறை? தொடங்கியவர்களில் சிலர், அல்லாஹ்வின் அருளால், இன்னும் முன்வரிசையில் இருக்கிறார்கள். அவர்கள் பேரப்பிள்ளைகள் நாங்கள். மூன்றாம் தலைமுறை. பார்த்து அப்படியே செய்யும் தலைமுறை. எங்கள் பிள்ளைகள் நான்காவது. இப்னு கல்தூனின் கணக்குப்படி எங்கள் வீட்டில் தவழும் குழந்தைதான் ஆபத்தான இடத்தில் இருக்கிறது. காரணம் தெரியாமல் வெறும் பழக்கத்தை மட்டும் அதன் கையில் கொடுத்தால், அது தூக்கி எறிந்துவிடும்.

பொறுப்பைச் சரியாகப் பார்த்துக்கொள்ளாவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு வெளியூர் உதாரணம் தேவையில்லை. சிங்கப்பூருக்கு முதலில் வந்த தமிழ் முஸ்லிம்கள் 1826-இலேயே சவுத் பிரிட்ஜ் சாலையில் ஜாமிஆ சூலியா பள்ளிவாசலைத் தொடங்கிவிட்டார்கள். அதற்குப் பின் எத்தனையோ பள்ளிகள், தர்காக்கள், வக்ஃப் சொத்துகள் உருவாயின. ஆனால் அறக்கட்டளைகள் சிலவற்றில் நிர்வாகம் சீராக இல்லை என்று காலனித்துவ அரசாங்கம் 1905-இல் முஸ்லிம், இந்து அறக்கட்டளைகளுக்கென்று ஒரு சட்டம் இயற்றி, அவற்றைக் கவனிக்க ஒரு வாரியம் அமைத்தது. ரோக்கையா அம்மையாரின் கதை மதராஸில் வெளிவந்த அதே ஆண்டு. தன் கணக்கைத் தானே எழுதாத சமுதாயத்தின் கணக்கை வேறொருவர் எழுதுவார். இது நாங்கள் எடுத்துக்கொண்ட பாடம்.

ஆகவே இரண்டாவது திருத்தம். எந்தப் பதவியிலும் தொடர்ந்து இரண்டு தவணைக்கு மேல் ஒருவர் இருக்க வேண்டாம். தலைவரும் பொருளாளரும் ஒரே குடும்பமாக இருக்க வேண்டாம். மூன்று மாதத்துக்கு ஒருமுறை வரவு செலவு அறிவிப்புப் பலகையில் வரட்டும். இப்போது பொறுப்பில் இருப்பவர்கள் மேல் சந்தேகப்பட்டு இதைக் கேட்கவில்லை. அவர்கள் கைக்காசு போட்டு இந்தச் சங்கத்தைக் காப்பாற்றியவர்கள். நல்லவர்கள் இருக்கும்போதே இந்த விதியை எழுதிவிட வேண்டும். வேறு மாதிரி ஆள் வந்தபிறகு எழுத நினைத்தால் எழுத விடமாட்டார்.

மூன்றாம் கேள்வி: யார் சுமப்பது?

வியாபாரிகள் நாம். நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் இளம் வயதில் நடந்த ஒரு சம்பவம் நமக்கென்றே நடந்தது போல இருக்கிறது. யெமன் நாட்டு வியாபாரி ஒருவர் மக்காவுக்குச் சரக்குக் கொண்டுவந்தார். ஆஸ் இப்னு வாயில் என்ற செல்வாக்குள்ள மனிதர் சரக்கை வாங்கிக்கொண்டு காசு தர மறுத்தார். வெளியூர்க்காரருக்கு அங்கே யாருமில்லை. அவர் மலைமேல் ஏறி நின்று முறையிட்டார். அதைக் கேட்டு மனம் பொறுக்காத சில குலத்தார் அப்துல்லாஹ் இப்னு ஜுத்ஆன் என்பவர் வீட்டில் கூடினார்கள். உள்ளூர்க்காரரோ வெளியூர்க்காரரோ, அநீதி இழைக்கப்பட்டவர் பக்கம் அவருடைய உரிமை கிடைக்கும்வரை எல்லாரும் ஒரே கையாக நிற்போம் என்று சத்தியம் செய்தார்கள். வியாபாரிக்குப் பொருள் திரும்பக் கிடைத்தது. அதுதான் ஹில்ஃபுல் ஃபுளூல் உடன்படிக்கை. இளைஞராக அதில் கலந்துகொண்ட நபியவர்கள், பிற்காலத்திலும் அதைப் பெருமையாக நினைவுகூர்ந்து, இப்போது அப்படி அழைத்தாலும் போவேன் என்று சொன்னதாக வரலாறு சொல்கிறது.

எங்களுக்கு இதில் பிடித்தது என்ன தெரியுமா? அவர்கள் முழு ஊரையும் மாற்றி எழுதப் பார்க்கவில்லை. தராத ஒரு பில்லில் தொடங்கினார்கள். ஓர் ஆளின் நஷ்டத்தை எல்லாருடைய நஷ்டமாக்கினார்கள்.

மதீனா சாசனத்திலும் இப்படி ஒரு விதி உண்டு. கடன் சுமையில் அழுந்திய ஒருவரை முஃமின்கள் கைவிட்டுவிடக் கூடாது. மீட்புத் தொகைக்கோ இரத்த ஈட்டுத் தொகைக்கோ உதவ வேண்டும் என்று.

சரி, இதெல்லாம் அரேபியாவில், அந்தக் காலத்தில் என்று நினைக்க வேண்டாம். இங்கே நம் கண் முன்னே நடந்த ஒன்றைச் சொல்கிறோம். கம்பங்கள் கலைந்து மக்கள் வீவக பேட்டைகளுக்குக் குடிபோன காலத்தில், புதுப் பேட்டைகளில் தொழப் பள்ளிவாசல் இல்லை. 1975-இல் பள்ளிவாசல் கட்டட நிதி தொடங்கியது. முஸ்லிம் ஊழியர்களின் மத்திய சேம நிதி வழியாக மாதம் 50 காசு. வெறும் 50 காசு! அந்த நிதியில் எழுந்த முதல் பள்ளிவாசல் 1977-இல் தோ பாயோவில் திறந்தது. அதற்கு வைத்த பெயர் முஹாஜிரீன், ஹிஜ்ரத் செய்து வந்தவர்கள். வீடு மாறி வந்தவர்களின் பள்ளிக்கு அதைவிடப் பொருத்தமான பெயர் கிடைக்காது. அதன்பின் பேட்டைக்குப் பேட்டை பள்ளிவாசல்கள் எழுந்தன. கோடீஸ்வரர் ஒருவர் வந்து கட்டிக் கொடுக்கட்டும் என்று காத்திருந்தால் எப்போது கட்டியிருப்போம்? எல்லாரும் சுமந்ததால் யாருக்கும் பாரமாகத் தெரியவில்லை.

நம் சங்கத்தில் இன்று உதவி தேவைப்பட்டால் என்ன செய்கிறோம்? வசதியானவர் ஒருவரிடம் போய் நிற்கிறோம். அவரும் மனமுவந்து கொடுக்கிறார். அல்லாஹ் அவருக்குப் பரக்கத் செய்யட்டும். ஆனால் வாங்குபவர் அதற்குப்பின் அவர் எதிரில் தலை நிமிர்ந்து கருத்துச் சொல்ல முடியுமா? கடை நொடித்துப்போய், வாடகை பாக்கியோடு, வெள்ளிக்கிழமை ஜும்ஆவில்கூட நம் கண்ணில் படாமல் கடைசி வரிசையில் தொழுதுவிட்டுப் போகிறவர்கள் நம்மில் இருக்கிறார்கள். கேட்க வெட்கம். அவர்களுக்குக் காசைவிட, தயங்காமல் வந்து தட்டக்கூடிய ஒரு கதவு தேவை.

மூன்றாவது திருத்தம் இதற்குத்தான். ஒவ்வொரு குடும்பமும் மாதம் 5 வெள்ளி. அதைக் கொண்டு வட்டியில்லாக் கடன் நிதி, நம் வழக்கில் சொன்னால் கர்ளன் ஹஸனா. விண்ணப்பத்தை இருவர் மட்டுமே பார்ப்பார்கள். வாங்கியவர் பெயர் வெளியே வராது. அவரும் அதே நிதிக்குச் சந்தா செலுத்தியவர் என்பதால், அவர் கேட்பது தானமாகாது. அது அவருடைய பங்கு.

விதியை எழுதும் விதம்

கடைசியாக ஒன்று. மறுபடியும் பிளேட்டோவிடம் போவோம். 'சட்டங்கள்' நூலில் அவர் இரண்டு வகை மருத்துவர்களைப் பற்றிச் சொல்கிறார். ஒருவர் அடிமைகளுக்கு மருத்துவம் பார்ப்பவர். எதையும் விளக்காமல் 'இதைக் குடி' என்று உத்தரவு போட்டுவிட்டு அடுத்த ஆளைப் பார்க்கப் போய்விடுவார். இன்னொருவர் சுதந்திர மனிதர்களைப் பார்ப்பவர். நோயாளியோடு பேசி, நோயை விளக்கி, அவர் மனம் ஒப்பியபின் மருந்து கொடுப்பார். சட்டமும் இரண்டாம் மருத்துவரைப் போல இருக்க வேண்டும், ஒவ்வொரு சட்டத்துக்கும் முன்னால் அதன் காரணத்தைச் சொல்லும் முன்னுரை வேண்டும் என்கிறார்.

நமக்கு இடம் கொடுக்காத பிளேட்டோவிடமிருந்து இதை மட்டும் எடுத்துக்கொண்டோம். புதிய வரைவில் ஒவ்வொரு விதிக்குக் கீழும் 'காரணம்' என்று இரண்டு வரி எளிய தமிழில் இருக்கும். இப்னு கல்தூன் சொன்ன அந்த நான்காம் தலைமுறைக்குழந்தை ஒருநாள் வளர்ந்து இதை எடுத்துப் படிக்கும்போது, 'ஏன் இப்படி வைத்தார்கள்?' என்று கேட்டால் பதில் அங்கேயே இருக்க வேண்டும். காரணம் பொருந்தாத காலம் வந்தால், விதியை மாற்றும் தைரியமும் அதற்கு வரவேண்டும்.

ஜான் ரால்ஸ் என்ற அமெரிக்கத் தத்துவப் பேராசிரியர் 1971-இல் வெளியான நூலில் ஒரு யோசனை சொன்னார். சமுதாயத்தில் நமக்கு எந்த இடம் கிடைக்கும், பணக்காரராகவா ஏழையாகவா, ஆணாகவா பெண்ணாகவா என்று தெரியாத நிலையில் இருந்துகொண்டு விதி எழுதினால், அந்த விதி நியாயமாக இருக்கும் என்று. நம் ஊர்ப்பக்கம் விருந்தில் ஒரே சஹனில் கூடி உட்கார்ந்து சாப்பிடுகிறோமே, அங்கே இதைப் பிள்ளைகளுக்குக் கைப்பழக்கமாகவே சொல்லித் தருகிறோம். உன் முன்னால் இருப்பதை எடு, அடுத்தவர் பக்கம் கை நீட்டாதே என்பது நபிவழி. சஹன் எந்தப் பக்கம் திரும்பி வைக்கப்படும், இறைச்சித் துண்டு யார் பக்கம் வரும் என்று யாருக்கும் தெரியாது. தெரியாததால்தான் எல்லாரும் சமமாகப் பரப்பி வைக்கச் சொல்கிறோம்.

ஆகவே பொதுக்கூட்டத்துக்கு வருமுன் ஒரு வேண்டுகோள். வரைவை வீட்டுக்கு எடுத்துச் செல்லுங்கள். இன்றிரவோ நாளையோ, கணவன் மனைவி பிள்ளைகள் எல்லாரும் உட்கார்ந்து படியுங்கள். படிக்கும்போது நீங்கள் சங்கத் தலைவர் என்று ஒருமுறை நினைத்துப் பாருங்கள். கணவரை இழந்த அந்தத் தாய் என்று ஒருமுறை. கடை நொடித்தவர் என்று ஒருமுறை. நேற்று திருமணமாகி வந்த மருமகள் என்று ஒருமுறை. எல்லா இடத்திலிருந்து பார்த்தும் ஏற்றுக்கொள்ள முடிந்தால் ஆதரியுங்கள். ஓர் இடத்திலிருந்து பார்த்து முடியாவிட்டால், எழுந்து நின்று ஏன் என்று சொல்லுங்கள். நாங்கள் எழுதியது குறையில்லாதது என்ற எண்ணம் எங்களுக்கு இல்லை.

ரோக்கையா அம்மையார் கனவு நாட்டை எழுதியதோடு நிற்கவில்லை. கணவர் மறைந்தபின், 1911-இல் கல்கத்தாவில் முஸ்லிம் பெண் பிள்ளைகளுக்காகப் பள்ளிக்கூடம் நடத்தத் தொடங்கினார். தொடக்கத்தில் 8 மாணவிகள். வீடு வீடாகப் போய்ப் பெற்றோரிடம் பேசிப் பிள்ளைகளைச் சேர்த்தார். கதையில் ராணி ஒரே உத்தரவில் நாடு முழுவதும் செய்ததை, அவர் எட்டுப் பிள்ளைகளில் தொடங்கி, 1932-இல் மறையும்வரை செய்துகொண்டே இருந்தார். அந்தப் பள்ளி இன்றும் இருக்கிறது.

நம்மிடம் எட்டுப் பிள்ளைகளைவிட அதிகமாகவே இருக்கிறார்கள். 50 ஆண்டு அனுபவம் இருக்கிறது. கடைவீட்டு மாடியில் பாய் விரித்துப் படுத்த பெரியவர்கள், தங்களுக்குக் கிடைக்காததை அடுத்து வருபவனுக்குக் கிடைக்கச் செய்ய வேண்டும் என்றுதான் இந்தச் சங்கத்தைத் தொடங்கினார்கள். அடுத்து வருபவர் என்றால் இன்று அதில் நம் மகளும் உண்டு, மருமகளும் உண்டு, பேத்தியும் உண்டு.

பொதுக்கூட்டத்தில் சந்திப்போம், இன்ஷா அல்லாஹ்.